இரண்டா, நாலா

"எத்தனை இன்ச்சு?" என்றார் ஜைனுல்லா.
தண்டையார்ப்பேட்டையில், கன்டெய்னர் லாரிகள்
நகராமல் முனகும் சாலையோரம் அவர் கடை.
தூக்குவது என்று முடிவாகிவிட்டது.
எவ்வளவு என்பதுதான் பாக்கி.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்சி.
பின்பக்கம் வெட்டித் தொட்டி வைத்திருக்கிறேன்.
காட்டுப்பள்ளிக் கரையில் ஈர மணலில் இறங்கி
நண்டு ஏற்றிக்கொண்டு காசிமேடு போகும்.
பட்டைகள் செத்துப்போய்
பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டது.
போகிற வழியெல்லாம் வயிற்றால் உழுகிறது.

நாலு அங்குலம் கேட்கத்தான் வந்திருந்தேன்.
காரணத்தை அளந்தும் வைத்திருந்தேன்:
புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்
எங்கள் வீட்டுச் சுவரில் விட்டுப்போன கறுப்புக் கோடு,
மூன்று முறை வெள்ளையடித்தும்
மேலே வந்து நிற்கும் கோடு,
தரையிலிருந்து இருபத்தொன்பது அங்குலம்.
டேப்பை நீட்டிக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.
"அதுக்கு போட் வாங்கணும்மா.
நாலு ஏத்தினா ஷாஃப்ட் கோணம் மாறும்,
பிரேக் ஹோஸ் எட்டாது.
எண்ணூர் ரோட்ல லாரிக்குப் பக்கத்துல ஒடிக்கிறப்ப
வண்டி உன்னக் கேக்காமலே சாயும்."
அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு,
"கூட யாரு ஏறுவாங்க?"

வேதவல்லி. என் நாத்தனார்.
முட்டியில் தகடு வைத்தவள்.
ஐந்து வருடமாய் என் பக்கத்து சீட்டு அவளுக்கு.
அவள் எப்படி ஏறுகிறாள் என்று நான் பார்த்ததில்லை.
ஸ்டீயரிங் பிடித்திருப்பவளுக்கு
அந்தப் பக்கம் ஒரு கதவுச் சத்தம், அவ்வளவுதான்.

மறுநாள் அவளைக் கூட்டிப் போனேன்.
ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தடியில் கட்டை கொடுத்து
ஒவ்வொரு அங்குலமாய் ஏற்றினார்.
ஒன்றில் ஏறினாள், இரண்டிலும் ஏறினாள்.
மூன்றில் கதவுச் சட்டத்தைப் பிடித்தாள்,
புடவை கொசுவத்தை இடுப்பில் செருகி,
"ஏறலாம், ஏறலாம்" என்று ஏறினாள்.
நாலில் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்,
தெரிந்தவர் யாரோ போகிறமாதிரி.

"இரண்டு" என்றேன்.

காலையில் தொடங்கினார்கள் ஜைனுல்லாவும் டில்லியும்.
உப்புக் காற்று தின்ற ஷேக்கிள் பின்
சுத்தியலுக்கு வரவில்லை, எண்ணெய்க்கு வரவில்லை.
கிரைண்டர் போட்டு அறுத்தபோது
தெறித்த பொறியில் டில்லியின் பனியனில்
இன்னொரு ஓட்டை விழுந்தது.
பழைய பட்டைக்கட்டைத் தரையில் போட்டதும்
துருவும் கடல்மணலும் ஒரு கைப்பிடி கொட்டின.
புதுசின் சென்டர் போல்ட் அதன் குழியில்
டக்கென்று உட்கார்ந்த சத்தம் நன்றாயிருந்தது.
யூ போல்ட், நட்டு, நீள ஷாக்.
ஆப்புத் தகடு ஒன்று திருப்பிப் போடப்பட்டு,
வசவு வாங்கி, சரியானது.

புஷ் போல்ட்டை மட்டும் கையால் திருகி விட்டுவிட்டார்கள்.
"தொங்குறப்ப முறுக்கினா ரப்பர் கிழிஞ்சிடும்.
கீழ வந்து, தன் வெயிட்ட தானே தாங்கி நிக்கட்டும்.
அப்பால இறுக்கலாம்."
டீ குடித்தோம். வண்டி நின்றது.
புதுச் செருப்புப் போட்டவன் மாதிரி
கொஞ்சம் விறைப்பாக.

ராத்திரி எர்ணாவூர் குடியிருப்புப் பக்கம் திரும்பினேன்.
மாடியிலிருந்து ஒரு குரல்:
"யோவ், லைட்டை எறக்கு! புள்ள தூங்குது!"
எங்கள் வெளிச்சம் ரோட்டில் விழவேயில்லை.
இரண்டாம் மாடிக் கொடியில் காய்ந்த
ஒரு பள்ளிச் சீருடையின் மேல்
நட்டநடுவே நின்றிருந்தது.
ஜைனுல்லா சொன்னதுதான். அவசரத்தில் கேட்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கினேன்.
வேதவல்லி அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள்.
இந்தமுறை பார்த்தேன்:
முதலில் நல்ல கால், அப்புறம் மற்றது.
முன்னால் போய் நின்று கை காட்டினாள்,
இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம்.
சீருடை இருட்டுக்குள் போனது. சுவர் போனது.
வெளிச்சம் ரோட்டுக்கு வந்தபோது
அவள் காலடிக்கு ஒரு முழம் முன்னால்
மூடியில்லாத பள்ளம்.